கரண்ட் இல்லாத நாள் யாருடைய முறை?

மிஷினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரவை மிஷினுக்குப் பல் எப்போது மாற்ற வேண்டும், தொட்டியில் கிழங்குப் பால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வறுவலுக்கு எவ்வளவு சூடு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தெரியாவிட்டாலும் ஒரு சீசனில் தெரிந்துவிடும். குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அரைத்து, மாவைப் படிய வைத்து, உருட்டி, வறுத்து, காயவைத்து ஜவ்வரிசி ஆக்குவது அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை.

முதலாளி வீட்டைச் சமாளிப்பதுதான் பிரம்ம வித்தை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ பேக்டரிகளில் முக்கால்வாசி ஒரு குடும்பத்தின் பேக்டரிதான். அப்பா கட்டியிருப்பார், மகன்கள் நடத்துவார்கள், மருமகள் களத்தைப் பார்ப்பாள், மாமனார் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வார். நீங்கள் அங்கே மேனேஜர். மேனேஜர் என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டுச் சண்டை எல்லாம் வந்து மோதுகிற சுவர். போன வாரம்கூட உங்களில் ஒருவர் வந்து, "சார், மாவு நிறம் மட்டமாக வருகிறது, தண்ணீரில் கோளாறா?" என்று கேட்டார். தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை ஐயா. உங்கள் முதலாளியும் அவர் சித்தப்பாவும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. கிழங்கு களத்தில் கிடந்து காய்கிறது. அப்புறம் மாவு மங்காமல் என்ன செய்யும்? எத்தனை தடவைதான் சொல்வது!

சரி, உட்காருங்கள். கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கெங்கவல்லிப் பக்கம் ஒரு பேக்டரியில் உதவி மேனேஜராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் வாழப்பாடி. பி.யூ.சி. முடித்திருந்தேன் என்பதால் உலகத்தில் உள்ளதெல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அந்த முதலாளிக்கு ராகுகாலத்தில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. மாவு படிந்து முடிந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை வெளியேற்றினால்தான் மாவை வெட்டி எடுக்கலாம். சித்திரை வெயிலில் அது நின்றால் புளித்துவிடும், வாடை வரும். அவரோ கடிகாரத்தைக் காட்டுவார்.

"ஐயா, மாவு புளிச்சிடும்" என்றேன்.

"புளிச்சா புளிக்கட்டும்டா. ராகுகாலத்துல தண்ணியத் தொறந்துவுட்டா லட்சுமியும் அதோட போயிடுவா. படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

நானும் விடவில்லை. ராகு ஒரு கிரகமே இல்லை என்று அவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என் மேனேஜர் வந்து என்னைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். அதிகம் பேசாத மனுஷன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே அரவையை ஆரம்பிச்சிடு. ராகுகாலம் வரதுக்குள்ள தொட்டி தயாராயிடும். அவரும் சந்தோஷமா இருப்பாரு, மாவும் புளிக்காது. அவரு சாமிகிட்ட உனக்கு என்னா வழக்கு? நீ கடிகாரத்துகிட்டப் பேசு."

அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அங்கே மாவு புளிக்கவே இல்லை. அவருக்குக் கடைசிவரை அரவை நேரம் ஏன் மாறியது என்று தெரியாது. தினமும் எந்த நேரத்தில் ராகுகாலம் என்று பார்த்து நான் அரவையை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நாமக்கல் போனேன். அங்கே கடிகாரமே சண்டையில் ஒரு கட்சி.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்போம், தம்பியைச் சின்னவர் என்போம். அப்பா இருந்தவரை பேக்டரி நன்றாக ஓடியது. அவர் கண்ணை மூடினார், இவர்கள் பாகம் பிரித்தார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், மாட்டைப் பிரிக்கலாம். பேக்டரியை எப்படிப் பிரிப்பது? இவர்கள் பிரித்தார்களே! காயப்போடுகிற களத்தின் நடுவே வரிசையாகச் செங்கல் வைத்தார்கள். தொட்டிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளைத் தொட்டி அண்ணனுக்கு, சுண்ணாம்பு அடிக்காத தொட்டி தம்பிக்கு. நாய் ஒன்றுதான் பாகம் பிரியாமல் இரண்டு பக்கமும் தின்றுகொண்டிருந்தது.

அரவை மிஷின் ஒன்று, மோட்டார் ஒன்று, கிணறு ஒன்று. இவற்றை வெட்டிப் பிரிக்க முடியவில்லை என்பதால் முறை வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுக்கிணறு இருந்தால் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது வழக்கம். இன்று உனக்கு, நாளை எனக்கு. சூரியன் உதித்தால் முறை மாறும். வயலுக்குப் பாய்கிற தண்ணீருக்கு அது சரி. அதையே பேக்டரிக்கும் வைத்தார்கள். தம்பியின் முறை முடிகிற நேரத்தில் மிஷினுக்குள் பாதிக் கிழங்கு நிற்கும். "என்ற கெழங்கு உள்ள இருக்குது, நிறுத்தாதீங்க" என்று தம்பி கத்துவார். "சூரியன் வந்தாச்சு, நிறுத்துங்க" என்று அண்ணன் கத்துவார். நான் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேனேஜர் நான். அதை மட்டும் எப்படியோ பிரிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்தடி தள்ளி நின்றுகொண்டு என் மூலமாகப் பேசுவார்கள். "ஏனுங்க மேனேஜர், அவங்கிட்டச் சொல்லுங்க, களத்துச் செங்கல்லு இந்தப் பக்கம் நகுந்திருக்குதுன்னு." இன்னொருவர் காதில் அது தெளிவாக விழும். இருந்தாலும் நான் திரும்பி, அதே வார்த்தைகளை அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதில் வராது. ஒரு நாள் கடுப்பில், "உங்க அண்ணன் சொன்னது உங்களுக்குக் கேட்கலையா?" என்று சின்னவரிடம் கேட்டுவிட்டேன். "எனக்கு யாரும் ஒன்னும் சொல்லலீங்களே" என்று வானத்தைப் பார்த்தார்.

இவர்களுக்கு ஒரே தங்கை, செல்லம்மாள். எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மானம் பார்த்த பூமி, வறண்ட கிணறு. புருஷனும் பெண்டாட்டியுமாக ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து அந்த வருஷம் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார்கள். விதைக்குச்சிகூட அண்ணன்மார் தோட்டத்தில் வெட்டிக்கொண்டு போனதுதான். மகளுக்குத் தையில் கல்யாணம் முடிவாகியிருந்தது. அந்தக் கிழங்கு விலையானால்தான் கல்யாணம். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அந்த அம்மாளுக்கு இருந்தது. கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்ய இரண்டு அண்ணனும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு.

கார்த்திகை கடைசியில் கிழங்கைப் பிடுங்கி, இரண்டு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்று பெரியவர் முறை. வந்து இறங்கிய நேரம் கரண்ட் போனது. அந்தக் காலத்து மின்வெட்டு உங்களுக்குத் தெரியாது. போனால் போனதுதான், எப்போது வரும் என்று மின்சார ஆபீஸ்காரனுக்கே தெரியாது. அன்று முழுக்க வரவில்லை. பெரியவர் தங்கையைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கவலப்படாத சாமி. கரண்டு வந்ததும் மொத அரவை உன்றதுதான். அண்ணன் இருக்கறேன்."

அந்தப் பேக்டரியில் அரைக்கிற நேரத்தில்தான் எடை போடுவார்கள். எடை போட்டால்தான் கிழங்கு பேக்டரியுடையது. அதுவரை அது கொண்டுவந்தவருடையது, அழுகினாலும் அவருடைய தலையில்தான். குச்சிக்கிழங்கு பிடுங்கி இரண்டாம் நாள் உள்ளே நீலக்கோடு ஓட ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் மாட்டுக்குப் போட வேண்டியதுதான். இது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து கிழங்கோடு கிடப்பவர்கள்.

மறுநாள் காலை, சூரியன் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. அப்பாடா என்று நான் மோட்டார் ஷெட்டுக்குப் போனேன். கதவில் பெரியவர் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்தேன். அரவைக்குத் தண்ணீர் வருகிற குழாயின் வால்வுக்குச் சங்கிலி சுற்றி, சின்னவர் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

பெரியவர் சொன்னார். "அவங்கிட்டச் சொல்லுங்க மேனேஜர். நேத்து என்ற மொறை. கரண்டே இல்ல. கரண்டு இல்லாத மொறை ஒரு மொறையா? என்ற மொறை இப்பத்தான் ஆரம்பிக்குது."

சின்னவர் சொன்னார். "அவருகிட்டச் சொல்லுங்க மேனேஜர். கரண்டு இல்லாததுக்கு நானா பொறுப்பு? போய் மின்சார ஆபீசுல கேக்கச் சொல்லுங்க. சூரியன் வந்தாச்சு, இது என்ற மொறை."

"சரிங்க, யார் முறையா வேணா இருக்கட்டும். தங்கச்சி கிழங்கை மட்டும் அரைச்சிடலாம். அப்புறம் பேசிக்கலாம்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் பெரியவர். "என்ற மொறையில அரைக்கோணும். அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன்."

"என்ற தங்கச்சி கெழங்க என்ற மொறையில நான் அரைக்கறேன்" என்றார் சின்னவர். "அவளுக்குச் சீர் செய்ய எனக்குத் தெம்பில்லீங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தங்கை மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசை அதிகமாகிப்போய்தான் இந்தக் கூத்து! அவள் கிழங்கை நான்தான் அரைத்துக் கொடுத்தேன் என்று கல்யாணப் பந்தலில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இரண்டு பேருக்கும் ஆசை. அடுத்தவன் அரைத்துவிடக் கூடாது. அதற்காக அது அழுகினாலும் பரவாயில்லை. இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்! மிஷின் பல் உடைந்தால் மாற்றலாம். பெல்ட் அறுந்தால் தைக்கலாம். இதற்கு எந்தக் கடையில் போய் ஸ்பேர் வாங்குவது?

நான் டிரெய்லரில் ஏறி ஒரு கிழங்கை எடுத்து முறித்தேன். ஓரத்தில் மெல்லிசாக நீலம். இறங்கிவந்து பெரியவரிடம் காட்டினேன். "பாத்தீங்களா, அவன் பண்ற வேலைய" என்றார். அதே துண்டைக் கொண்டுபோய்ச் சின்னவரிடம் காட்டினேன். "பாத்துட்டீங்கல்ல? அவருகிட்டப் போயிக் காட்டுங்க" என்றார். அங்கிருந்துதான் ஐயா வருகிறேன் என்று கத்தத் தோன்றியது. கத்தினேன்கூட. யாரும் கண்டுகொள்ளவில்லை.

செல்லம்மாள் வந்தாள். இரண்டு பேரிடமும் போய்க் கெஞ்சினாள். "பெரீண்ணா, தொறந்துவுடுங்க. சின்னண்ணா, உங்களுக்காச்சும் எம்மேல எரக்கம் இல்லீங்களா?" பெரியவர் உடனே ஆளை அனுப்பித் தங்கைக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அதைப் பார்த்துச் சின்னவரும் ஆளை அனுப்பினார். சற்று நேரத்தில் அந்த அம்மாள் இரண்டு கையிலும் இரண்டு கலர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். எதைக் குடித்தாலும் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டையும் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டாள்.

இப்போது கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும்.

பூட்டை உடைக்கலாம். மெக்கானிக் சுத்தியலோடு தயாராக நின்றான். எந்தப் பூட்டை முதலில் உடைப்பது? மோட்டார் பூட்டை உடைத்தால் நான் தம்பியின் ஆள். வால்வுப் பூட்டை உடைத்தால் அண்ணனின் ஆள். இரண்டையும் உடைத்தால் அங்கேயே அடிதடி. அந்தக் கலவரத்தில் யார் அரைப்பது? காத்திருக்கலாம். மத்தியானம் மறுபடி கரண்ட் போகும் என்று மின்சார ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். போனால் அதோடு கிழங்கு போச்சு. கடிகாரத்தோடு பேசலாம் என்றால், கடிகாரத்தைப் பற்றித்தானே சண்டையே! கெங்கவல்லி மேனேஜரை நினைத்துக்கொண்டேன். அவர் அங்கே இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பஸ் ஏறியிருப்பார் என்று தோன்றியது.

மிச்சம் ஒரே ஒரு வழி. ரோட்டோடு மூன்று மைல் போனால் இன்னொரு பேக்டரி. அங்கே டீசல் இஞ்சின் இருந்தது, கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் அந்த முதலாளிக்கும் இவர்களுக்கும் அப்பா காலத்திலிருந்தே ஆகாது. ஒரு நிலத்தை இவர்களுடைய அப்பா பேசி வைத்திருந்தபோது அவர் உள்ளே புகுந்து வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த வாசலில் இவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தங்கையின் கிழங்கு அங்கே போனால் இரண்டு அண்ணன்மாருக்கும் அதைவிட அவமானம் வேறு இல்லை.

முடிவு என்னுடையது இல்லை, அந்த அம்மாளுடையது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கிழங்கு யாருடையதோ அவரைக் கேட்காமல் மேனேஜர் வீரம் காட்டக் கூடாது. களத்து ஓரமாக அவளைத் தனியே கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அம்மா, இங்கே இன்னைக்கு அரைக்க மாட்டாங்க. அந்தப் பேக்டரிக்குக் கொண்டுபோனா அரைச்சிடலாம். ஆனா உங்க அண்ணன்மார் மனசு ஒடிஞ்சிடும். கல்யாணத்துக்கு ரெண்டு பேருமே வராம போனாலும் போவாங்க. இப்போ உங்களுக்குக் கிழங்கு முக்கியமா, அண்ணன்மார் முக்கியமா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரெய்லரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் முக்கியந்தானுங்க மேனேஜரண்ணா. எது மொதல்ல அழுகுமுங்க?"

"கிழங்குதாம்மா."

"அப்ப வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முதலாளிகள் முடிவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சரியாக ஒருவரும் எடுத்ததில்லை. நான் டிரைவர்களுக்குக் கையைக் காட்டினேன்.

டிராக்டர் உறுமியதும் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "எங்கீங்க போகுது வண்டி?"

சொன்னேன். எந்தப் பேக்டரி என்று பேரைச் சொல்லியே சொன்னேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? தோல் சீவிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டு அண்ணன்மாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தார்கள். ஒருவர் அந்தப் பக்கமிருந்து, ஒருவர் இந்தப் பக்கமிருந்து. நடுவில் இருந்த செங்கல் வரிசையைப் பெரியவர் மிதித்துத் தாண்டியதை அவரே கவனிக்கவில்லை.

"கேட்டியாடா தம்பி, இந்தாளு பண்ணியிருக்கிற வேலைய?"

"கேட்டேண்ணா. நம்ம தங்கச்சி கெழங்கு அவன் மிஷினுல அரையறதாண்ணா?"

"நம்ம அப்பன் இருந்திருந்தா இவன உசுரோட உட்டிருப்பாரா?"

"இவன மொதல்ல வெளிய அனுப்புங்கண்ணா. வாழப்பாடிக்காரன வேலைக்கு வச்சது நம்ம தப்பு."

"அதத்தான் நானும் நெனச்சேன். ஏய்யா, இனிமே இந்த வாசப்படி மிதிக்காத. போ!"

நான் மலைத்துப்போய் நின்றேன். வேலை போன வருத்தம்கூட அப்போது உறைக்கவில்லை. ஒரு வருஷமாகச் சாணி மெழுகுவதற்குக்கூட என்னை நடுவில் வைத்துப் பேசிய மனிதர்கள், என்னை வெளியே துரத்துவதற்கு நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள்! பாகம் பிரித்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான். என் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியபோது பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் இல்லாமலே பேக்டரி ஓடும் என்று எனக்குக் காட்டுகிறார்களாம். இரண்டு பூட்டையும் திறந்துவிட்டார்கள். அட கர்மமே! இதை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் செய்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்குமே! நடுரோட்டில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

நான் நடந்தே அந்தப் பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தேன். டீசல் இஞ்சின் புகை கக்கிக்கொண்டிருந்தது. செல்லம்மாளின் முதல் டிரெய்லர் கிழங்கு மிஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கொஞ்சம் கிழங்கைக் கழித்துத் தள்ளினார்கள், மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. தொட்டியில் பால் வெள்ளையாக விழுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க என்ன ஆச்சுங்க?"

"என்னை நீக்கிட்டாங்க."

"யாரு, பெரியவனா, சின்னவனா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து."

அவர் அதை நம்பவே இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வேலையைத் தாரை வார்த்துட்டு வந்தீங்களா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு வாரம் எனக்குச் சாப்பாட்டோடு இதையும் சேர்த்தே பரிமாறினாள்.

தம்பிகளே, இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வந்து என்னைக் கேட்காதீர்கள். குடும்பப் பேக்டரியில் நியாயம் யார் பக்கம் என்று ஆராயாதீர்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இருக்காது. முதலில் எது கெட்டுப்போகும் என்று மட்டும் பாருங்கள். அதைக் காப்பாற்றுங்கள். மனுஷன் கோபம் நாள்பட நிற்கும், தொட்டிப்பால் நிற்காது. காப்பாற்றியதற்கு உங்களுக்கு யாராவது மாலை போடுவார்கள் என்று எதிர்பார்த்தால், நீங்கள் வேறு வேலைக்குப் போவது நல்லது.

தையில் கல்யாணம். செல்லம்மாளே புருஷனோடு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, என்னையும் என் மனைவியையும் அழைத்துவிட்டுப் போனாள். "அண்ணன்மாருங்க வாராங்களாம்மா?" என்று கேட்டேன். "தெரியலீங்க. போயி ரெண்டு பேரையும் கூப்புட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டு பேரும் உங்களத்தான் திட்டுனாங்க" என்றாள்.

எருமப்பட்டிக்குப் போனோம். வீட்டு முன்னால் பெரிய பந்தல். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக மணவறைப் பக்கம் பார்த்தேன். பெரியவரும் சின்னவரும் தலையில் உருமால் கட்டிக்கொண்டு, மருமகளுக்குச் சீர்த்தட்டை இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே தட்டு. இரண்டு தட்டு இல்லை.

சின்னவர்தான் என்னை முதலில் பார்த்தார். அண்ணன் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செல்லம்மாள் பட்டுச் சேலையோடு அந்தப் பக்கம் அவசரமாக வந்தவள் என்னிடம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாண்ணா? ரெண்டு பேரும் ஒரே பக்கமாத் திருப்பிக்கிட்டாங்க."

பார்த்தேன் என்றேன். பந்தியில் அன்று எனக்கு நல்ல பசி. இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.